ஓடும் வண்டியும் நில்லா மனமும்

பற்றறுத்தலை வாழ்நெறியாக ஏற்றுக்கொண்ட ஒருவர், ஓடி மறையும் ஒரு பொருளைத் துரத்திச் சென்று அதன் உருவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள விழைவது தகுமா? அண்மையில் ஆஸ்டின் டவுனில் வாழும் நம் அன்பர்களிடையே இவ்வினா எழுந்து ஒரு சிறு மனத்தாங்கலுக்கும் இடமாயிற்று. நம் இளைஞர் ஐவர், முழுமதியும் ஞாயிறும் ஒருங்கு கூடிய ஒரு நாளில் காலை வந்தனைக்கு வாராது, ஒரு சரக்கு இரயில்வண்டியைத் தொடர்ந்து சென்று நிழற்படம் எடுப்பதில் பகல் முழுதும் கழித்தனர். மூத்தோர் சிலர் இதனை வேட்கையென்றே தீர்த்துரைத்தனர். இளைஞரோ, பஞ்சசீலத்துள் எதனை மீறினோம் என்று வினவினர். கொலை இல்லை, களவு இல்லை, பிறன்மனை நயத்தல் இல்லை, பொய் இல்லை, கள்ளும் இல்லை; பின் குற்றம் யாது என்பது அவர் கேள்வி.

இவ்வழக்கு ஓர் இரயில்வண்டியோடு முடிவதன்று. இன்று நம் வீடுதோறும் கைபேசி உண்டு; கைபேசிதோறும் படக்கருவி உண்டு. குழந்தையின் முதல் நடை, மணவிழா, விகாரை வழிபாடு, இறந்தோர் முகம் ஆகிய யாவற்றையும் நாம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். தோன்றியன யாவும் மறையும் என்று நாவினால் ஓதிக்கொண்டே, மறையவிடேன் என்று கையினால் செய்கிறோம். ஆகலின் இளைஞர் ஐவரைக் குறித்த வழக்கு உண்மையில் நம் அனைவரையும் குறித்ததேயாம்.

வந்து பார் என்பது நம் தம்மத்தின் அழைப்பு. காணாது தீர்ப்புரைத்தல் நெறியன்று என எண்ணி, பிறிதொரு ஞாயிறன்று அவ்விளைஞர் மீண்டும் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம்.

விடியுமுன் ஆஸ்டின் டவுனை விட்டுக் கிருஷ்ணராஜபுரம் சேர்ந்தோம். பெங்களூர் கண்டோன்மென்டையும் ஜோலார்பேட்டையையும் இணைத்து 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழம்பாதை அவ்வழியே செல்கின்றது. அங்கு ஒரு சரக்கு வண்டி கிழக்கு நோக்கி நின்றிருந்தது. முன்னே இரண்டு எஞ்சின்கள், பின்னே நாற்பதுக்கும் மேற்பட்ட மூடிய பெட்டிகள், கடைசியில் கார்டு அமரும் சிறு பிரேக் வேன். முழு நீளம் அரைக் கிலோமீட்டருக்கும் மேலிருக்கும். இத்துணைப் பெரிய வண்டியைச் சாலைவழியே சென்று முந்துதல் எங்ஙனம் இயலும் என நாம் வியந்தோம். இளைஞர் அதன் நுட்பத்தை விளக்கினர். பயணியர் வண்டிக்கே முதலிடம் தரப்படுதலின், சரக்கு வண்டி இடையிடையே நிலையங்களில் ஒதுக்குத் தண்டவாளத்தில் காத்து நிற்கும். அது காத்து நிற்கும் பொழுதே துரத்துவோர்க்குக் கிடைக்கும் பொழுது. அதற்குள் முன்சென்று, வெயில் எத்திசையில் விழும், பாதை எங்கு வளையும், பின்னே எக்குன்று தோன்றும் என்றெல்லாம் பார்த்து நிற்றல் வேண்டும்.

இவ்வாறு ஒயிட்ஃபீல்டு, தேவனகொந்தி, மாலூர், தியாகல் எனத் தொடர்ந்தோம். வண்டி வருமுன் ஒரு மணி நேரம் காத்திருந்து, வந்தபின் அரை நிமிடம் கண்டு, உடனே அடுத்த இடத்துக்கு விரைதலே அன்றைய தொழிலாயிற்று. நண்பகலுக்குப் பின் பங்காருபேட்டை வந்தோம். மைசூர் நாட்டின் ஆணையராயிருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்னர்ப் பௌரிங்பேட்டை என வழங்கிய ஊர் அது. சரக்கு வண்டி அங்கு நில்லாது ஜோலார்பேட்டை நோக்கிச் சென்று மறைந்தது. இளைஞர் அதனை மேலும் தொடரவில்லை. மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையின்பால் திரும்பினர். அவர்தம் நோக்கம் அதுவே என அப்பொழுதுதான் அறிந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன் வழியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் வேண்டும்.

மாலூருக்கு அப்பால் ஒரு கேட்டருகே நாங்கள் காத்திருந்தபோது, வண்டி வரும் நேரத்தில் கேட்காவலர் பச்சைக்கொடியுடன் வந்து தம் அறையின் முன் நின்றார். அவர் நின்ற இடம் சரியாக நம் இளைஞர் ஒருவருடைய படத்தின் நடுவில் அமைந்துவிட்டது. இளைஞர் கைகாட்டி விலகுமாறு கூவினார். காவலர் விலகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எஞ்சின் முதல் பிரேக் வேன் வரை ஒவ்வொரு பெட்டியாக உற்று நோக்கிக்கொண்டே நின்றார். வண்டி கடந்தபின் இளைஞர் சினத்துடன் முணுமுணுத்தார். நாம் காவலரை அணுகி உரையாடினோம். தம் பணி கொடி பிடிப்பது மட்டுமன்று என அவர் அமைதியாகக் கூறினார். செல்லும் வண்டியின் அச்சு எங்கேனும் சூடேறிப் புகைகின்றதா, சக்கரத்தில் தீப்பொறி பறக்கின்றதா, பெட்டியிலிருந்து ஏதேனும் தொங்குகின்றதா, கதவு திறந்து கிடக்கின்றதா என்று பார்த்தலும் அவர் கடமை. குறை கண்டால் ஓட்டுநருக்கும் கார்டுக்கும் அபாயக்குறி காட்டி வண்டியை நிறுத்துதல் வேண்டும். அவர் விலகி நின்றிருப்பின் படம் அழகாகியிருக்கும். ஆயின் ஒரு பெட்டியின் கேடு காணப்படாது போயிருக்கவும் கூடும்.

அன்பர்களே, இருவர் ஒரே வண்டியை ஒரே நேரத்தில் நோக்கினர். ஒருவர் அதன் ஒரு கணத்தைப் பிடிக்க நோக்கினார். மற்றவர் முழுவதையும் நோக்கினார், எதனையும் பிடித்துக்கொள்ளவில்லை. கடைசிப் பெட்டி சென்றதும் கேட்டைத் திறந்து, காத்து நின்ற மாட்டுவண்டிக்கு வழிவிட்டார். அவருடைய நோக்கு, தாம் காணாத பலருடைய உயிரைக் காக்கும் நோக்கு. நாம் ஆராயப் புகுந்த வினாவின் விடை ஏறத்தாழ முழுதும் அக்கேட்டருகே கிடைத்துவிட்டது எனலாம்.

இனி மூத்தோர் கூற்றை ஆராய்வோம். மணிமேகலைக் காப்பியத்தில் உதயகுமரன் தேரேறி மணிமேகலையைத் தேடி உவவனம் புகுந்த செய்தியை நம்மவர் நன்கறிவர். அவள் பளிக்கறையுள் இருந்தாள். பளிங்கினூடே அவள் உருவம் அவன் கண்ணுக்குத் தோன்றிற்று. உட்புகும் வாயிலோ அவனுக்குப் புலப்படவில்லை. உருவம் கண்ணெதிரே, பொருளோ கைக்கு எட்டாதது. படக்கருவியின் கண்ணாடி வழியே நோக்குவோர் நிலையும் இதுவே என்பர் மூத்தோர். பிடித்தோம் என்று மகிழ்கின்றனர்; பிடித்தது பளிங்கில் விழுந்த நிழலையே.

இக்கூற்று ஆழமுடையது. எனினும் குற்றம் எங்குப் பிறக்கின்றது என்பதை இன்னும் நுணுகிக் காணல் வேண்டும். பன்னிரு சார்புகளை நம் தமிழ்க் காப்பியம் முறைப்பட எண்ணுகின்றது. அவற்றுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தும் இவ்வழக்குக்கு நேரே பொருந்துவன. கண்ணும் செவியும் வாயில்கள். தொலைவில் வண்டியின் ஒலி செவியில் படுதல் ஊறு. அதனால் உள்ளம் கிளர்தல் நுகர்வு. இதுகாறும் குற்றம் யாதுமில்லை. விழித்த கண்ணுடைய யாவர்க்கும் இது நிகழும். இதனை இழக்கக்கூடாது, இது எனக்கே வேண்டும் என எழும் முனைப்பு வேட்கை. இது எனது, யான் எடுத்தது, பிறர் எடுத்ததினும் சிறந்தது என இறுகுதல் பற்று. மகிழ்ச்சிக்கும் முனைப்புக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அது மிகச் சிறிது. ஆயினும் பயிற்சியுடையார் அவ்விடத்து நிற்க இயலும். நம் நெறி முழுதும் அவ்விடைவெளியை அகலமாக்கும் முயற்சியே.

வேட்கை எழுந்ததா என அறிய நூல்களைப் புரட்டுதல் வேண்டா. வண்டி வரும் நொடியில் மேகம் வெயிலை மறைத்தால் உள்ளம் என்ன செய்கின்றது எனப் பார்த்தால் போதும். வருந்தி வசைபாடுமாயின், அது வண்டியைக் காண வந்த உள்ளமன்று. தான் எண்ணிவைத்த படத்தைப் பெற வந்த உள்ளம். குறுக்கே நின்ற மனிதரை மனிதராகக் காணாது, விலக்கத்தக்க இடையூறாகக் காணுமாயின் அது வேட்கையினும் கொடிய நிலை. சீலத்தின் ஐந்து உறுப்பும் முறியாதிருக்கவே கருணை முறிந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று. எதனை மீறினோம் என்று வினவிய இளைஞர்க்கு நம் விடை இது: நீவிர் சீலத்தை மீறவில்லை. ஆயின், மீறாமை தம்மத்தின் வாசற்படியே. வீடு அதற்கு அப்பால் உளது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பிடித்து வைத்தல் எல்லாம் பற்றே எனின், நினைவைப் போற்றுதலும் குற்றமாகுமோ? இவ்வையத்தை நீக்கவே மாரிக்குப்பம் கிளைப்பாதையைப் பற்றிக் கூறுதல் வேண்டும்.

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோலார் தங்கச் சுரங்கங்களின் பொருட்டு 1894ஆம் ஆண்டில் இக்குறும்பாதை திறக்கப்பட்டது. சுரங்கத்துக்கு வேண்டிய நிலக்கரியும் மரமும் எந்திரங்களும் இவ்வழியே வந்தன. 1902ஆம் ஆண்டில் சிவனசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. சுரங்கம் இன்னும் ஆழ்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கிற்று. எந்திரம் இறங்கிய அதே நிலையங்களில் வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து நம் முன்னோரும் குடும்பங் குடும்பமாக வந்து இறங்கினர். ஊரில் நிலமற்றும் மதிப்பற்றும் இருந்தோர், நிலத்தின் கீழே சென்று பிறர்க்குப் பொன் தேடினர். பாறை வெடித்தும் நுரையீரலில் கல்தூள் படிந்தும் மாண்டோர் பலர்.

அம்மக்களிடையேதான் பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வேர்கொண்டது. 1907இல் அவர் தொடங்கிய இதழ், அவர் 1914இல் மறைந்தபின் தளர்ந்து நின்று, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து 'தமிழன்' என மீண்டும் வெளிவந்தது. நாள் முழுதும் இருளில் உழைத்தோர், மாலையில் விளக்கொளியில் தம்மம் பயின்றனர்.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. பின்னர் நடுவணரசைச் சேர்ந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் மூடப்பட்டது. சுரங்கத்துக்கென இப்பாதையில் வந்த சரக்கும் அதனோடு நின்றது. இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில், சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரரும் பெங்களூருக்கு வேலை தேடி வருகின்றனர். பொன் வந்த பாதையில் இன்று கூலி உழைப்பு வருகின்றது. ஆஸ்டின் டவுனில் குடியேறிய நம் குடும்பங்களுள்ளும் அவ்வழி வந்தோர் உளர். நம் இளைஞருள் ஒருவருடைய கொள்ளுப்பாட்டனார் உரிகத்தில் சரக்குப் பெட்டிகளிலிருந்து மரம் இறக்கிய கூலியாளர். அவருடைய உருவம் எந்தப் படத்திலும் இல்லை. சுரங்கத்தின் பழம்படங்கள் என நாம் கண்டவற்றில் எந்திரங்கள் உள, துரைமார் உளர், தொழிலாளர் கூட்டமாக நிற்கின்றனர், பெயரின்றி. சரக்கு வண்டியைப் பகல் முழுதும் தொடர்ந்தது எதற்கென அவ்விளைஞர் மாரிக்குப்பத்தில் நமக்குக் கூறினார். தம் கொள்ளுப்பாட்டனார் கைபட்ட வண்டியைக் காண இயலாது. அத்தொழிலின் ஒலியையேனும் கேட்க விரும்பினார். சயனைட் மண்மேடுகளின் அருகே மாலை வெயிலில் வெறுமனே கிடந்த தண்டவாளத்தை அவர் ஒரே ஒரு படம் எடுத்தார்.

இதனை வேட்கையென்று நாம் எங்ஙனம் ஒதுக்குவோம்? நற்கடைப்பிடி எனத் தமிழில் வழங்கும் மார்க்க உறுப்பைப் பாலி மொழியில் 'சதி' என்பர். அச்சொல்லின் முதற்பொருள் நினைவு. மறத்தலைப் பெரியோர் எவரும் விடுதலை எனக் கூறவில்லை. மேலும், பண்டிதருடைய எழுத்துகள் இன்று நம் கையில் இருப்பது எதனால்? தங்கவயலின் பௌத்தக் குடும்பங்கள் பழைய இதழ்களையும் நூல்களையும் பெட்டிகளில் பூட்டிக் கரையானுக்கும் மழைக்கும் தப்புவித்து வைத்திருந்தமையால் அன்றோ? அவர்கள் அவற்றை வைத்திருந்தனர். வேண்டியபோது கொடுத்தும் விட்டனர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, பல்லாண்டு பூட்டிக்கிடந்தது உலகுடைமை ஆயிற்று. காத்து வைத்தலும் பற்றி வைத்தலும் ஒன்றாகா. கொடுத்தற்பொருட்டுக் காப்பது தானத்தின் தொடக்கம். எனதென்று இறுகிக் காப்பது துக்கத்தின் தொடக்கம். கரையேறியபின் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரிவானைப் பகவன் அறிவுடையவன் எனக் கூறவில்லை. ஆற்றைக் கடக்குமுன் தெப்பத்தை எறிந்துவிடுமாறும் கூறவில்லை.

ஆகவே மூத்தோர்க்கு ஒன்றும் இளைஞர்க்கு ஒன்றும் கூற விரும்புகிறோம்.

மூத்தோர்க்குக் கூறுவது இது. இளைஞரின் உள்ளம் ஓடும் திசையைக் காணாமுன் அதற்கு வேட்கையெனப் பெயரிடற்க. நம் முன்னோர் வரலாற்றை நாம் எடுத்துரைக்காமையால், அவர்கள் அதனைத் தண்டவாளத்தின் ஓரத்தில் தேடுகின்றனர். வந்தனைக்கு வாராமையைக் கடிவதனோடு, வந்த நாளில் உரிகத்தையும் மாரிக்குப்பத்தையும் பற்றி அவர்க்கு என் கூறினோம் என எண்ணுதலும் வேண்டும்.

இளைஞர்க்குக் கூறுவன மூன்று. முதலாவது, உயிருக்கு ஊறு செய்யாமை. படத்தின் பொருட்டுத் தண்டவாளத்தில் ஏறுவோரும், அடுத்த இடத்தை எட்டும் அவசரத்தில் சாலையில் கண்மூடி விரைவோரும், தம் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். இரயில்வே நிலத்தில் அத்துமீறுதல் 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. சட்டம் கூறாவிடினும், முதற்சீலம் இதனைக் கூறுகின்றது. எஞ்சினை ஓட்டுவார் ஒருவரும், தம் வண்டியின்முன் ஒருவன் மாண்ட காட்சியை எளிதில் மறவார்.

இரண்டாவது, மனிதரை விலக்காமை. கேட்காவலர், தண்டவாளம் பேணுவோர், மூட்டை சுமப்போர், பிரேக் வேனில் தனித்திருக்கும் கார்டு ஆகியோர் இன்றி எவ்வண்டியும் ஓடாது. கார்டு என்னும் பதவிக்கு 2022 முதல் இரயில் மேலாளர் எனப் பெயர் மாறியுள்ளது, தனிமை மாறவில்லை. இவர்கள் படத்துள் வருவாராயின் வரட்டும். அவர் இசைவைப் பெறுக. பெயரைக் கேட்டு எழுதி வைக்க. படத்தின் படியொன்றை அவர்க்கே கொடுக்க. நம் முன்னோர் கூட்டத்தில் பெயரற்று நின்றனர் என வருந்தும் நாம், இன்று நம் கண்முன் நிற்பவரைப் பெயரற்றவராக்குதல் எவ்வகை நியாயம்?

மூன்றாவது, நிற்கக் கற்றல். அங்குலிமாலன் தன் வலிமையெல்லாம் கூட்டி ஓடியும், இயல்பாக நடந்து சென்ற பகவனை எட்ட இயலாது களைத்தான், நிற்குமாறு கூவினான். தாம் நின்றாயிற்று என்றும், நிற்கவேண்டியவன் அவனே என்றும் பகவன் விடையிறுத்தார். துரத்துவோர்க்கு இதனினும் பொருத்தமான பாடம் இல்லை. ஆதலின் ஒவ்வொரு முறையும் வெளிச்செல்லும் நாளில், ஒரு வண்டியையேனும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை வெறுங்கண்ணால் நோக்குக. தோன்றுவதைத் தோன்றுவதாகவும் மறைவதை மறைவதாகவும் காண்க. மகிழ்ச்சி எழும், அதனை அறிக. பிடிக்கவில்லையே என்னும் ஏக்கம் எழும், அதனையும் அறிக. பின்னர் அதுவும் மறையும். அரை நிமிடத்தில் கிடைக்கும் இத்தியானம், கல்லாலான ஆசனத்தில் பல நாழிகை அமர்ந்தும் சிலர்க்குக் கிட்டுவதில்லை.

இவற்றுக்கு இணங்கி எடுத்த படம் பற்றாகாது. அதனை வீட்டுச் சுவரில் புகழுக்காகத் தொங்கவிடுவதினும், தங்கவயலில் பிறந்து ஆஸ்டின் டவுனில் முதுமையுற்றிருக்கும் நம் தாய்மார் ஒருவர் கையில் கொடுத்தல் நன்று. அவர் அதனைக் கண்ணருகே கொண்டு, இவ்விடத்தில்தான் நாங்கள் தண்ணீர் எடுத்தோம், இவ்வழியேதான் அப்பா இரவுப்பணிக்குச் சென்றார் எனக் கூறத் தொடங்குவார். அவர் கூறுவதைக் கேட்க ஒருவர் அருகில் அமர்ந்திருத்தல் வேண்டும். படம் எடுத்தவரே அவ்விடத்து அமர்வாராக.